கடவுளோடு நெருங்கிப் பழக: சேலத்து வீட்டு மூலையிலிருந்து ஏற்காட்டு மலை வரை ஒரு முழு வழிகாட்டி

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்று கொடுப்பார்கள். எங்கள் வீட்டு பீரோ கதவில் அப்படி ஒன்பது அட்டைகள் இருக்கின்றன, ஒன்றின் மேல் ஒன்றாக. அடியில் இருப்பவற்றின் செல்லோடேப் மஞ்சளாகி ஓரம் சுருண்டுவிட்டது. ஒவ்வொரு ஜனவரியிலும் "இந்த வருஷம் வேதத்தை முழுசாக முடித்துவிடுவது" என்று ஆதியாகமத்தில் கிளம்புவேன். பிப்ரவரியில் லேவியராகமத்தின் பலிகளும் தோல்வியாதிச் சட்டங்களும் எதிரே வந்து நிற்கும். அத்தோடு சரி, அடுத்த அட்டை வரும்வரை.

நான் சேலம் அம்மாப்பேட்டைக்காரன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்) குடும்பம். மனைவி ஏற்காட்டுப் பெண், கத்தோலிக்கர். அதனால் எங்கள் வீட்டில் ஜெபமும் உண்டு, செபமும் உண்டு. கர்த்தரும் உண்டு, ஆண்டவரும் உண்டு. மேஜையில் இரண்டு வேதப் புத்தகங்கள் இருக்கும்: 66 புத்தகங்கள் அடங்கிய என் பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, 73 புத்தகங்கள் அடங்கிய அவளுடைய 1995-ஆம் ஆண்டுத் திருவிவிலியம் ஒன்று. இருவரும் பல வருஷம் தடுமாறிப் பிடித்துக்கொண்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்தச் சபையாராக இருந்தாலும் பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உருகி அழுத கூட்டங்கள் எனக்கும் உண்டு. அவற்றைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கடவுளோடு எனக்கு இன்று இருக்கிற பழக்கம், ஒன்றுமே நடக்காத சாதாரண நாட்களில் போய் உட்கார்ந்ததால் வந்தது. இதிலுள்ள படிகள் எல்லாம் அப்படிப் போய் உட்காருவதற்கான ஏற்பாடுகள்தான்.

ஒரு மூலை, ஒரு நேரம்

மாற்கு சுவிசேஷம் முதல் அதிகாரம் 35-ஆம் வசனத்தில் இயேசு இருட்டோடு எழுந்து தனியிடம் தேடிப் போகிறார். முந்தின நாள் மாலை ஊரே வாசலில் கூடியிருந்தது. மறுநாள் காலையும் சீஷர்கள் "எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள்" என்று பின்னாலேயே வந்துவிட்டார்கள். நடுவில் கிடைத்த நேரத்தைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். நமக்கும் நடுவில்தான் கிடைக்கும்.

எங்கள் தெருவில் ஆறு மணிக்கு விசைத்தறி ஓட ஆரம்பித்தால் சுவரே அதிரும். அதனால் என் நேரம் ஐந்தே கால். சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறேன். அதுதான் நான் தனியாக ஜெபிக்கிற அறைவீடு. கொஞ்சம் பாத்திரச் சோப்பு வாசனை வரும், பரவாயில்லை. இடம் அழகாக இருக்க வேண்டாம், மாறாமல் இருந்தால் போதும். தினமும் அதே நாற்காலியில் உட்கார்ந்தால், உட்கார்ந்ததுமே பாதி மனசு அடங்கிவிடுகிறது.

அதிகாலைதான் பரிசுத்தம் என்று யாரும் உங்களை மிரட்ட விடாதீர்கள். உருக்காலையில் ஷிப்டு மாறி மாறிப் போகிறவருக்கு எழுந்ததும் வருகிற நேரமே காலை. குழந்தைகளை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும் அம்மாவுக்கு ஒன்பது மணிக்கு வீடு அமைதியாகும். இறைந்து கிடக்கும் இட்லித் தட்டுகள் கால் மணி நேரம் காத்திருக்கட்டும். வீட்டில் ஒரு மூலைகூட இல்லாதவர்கள் திறந்திருக்கும் கோவிலில் போய் உட்காரலாம். கலெக்டர் ஆபீஸ் பக்கத்துக் கிறைஸ்ட் சர்ச் 1870-களில் கட்டியது. சென்னையில் செனட் ஹவுஸைக் கட்டிய சிஸம்தான் அதற்கும் வரைபடம் போட்டார். வெளியே எவ்வளவு ஹாரன் அடித்தாலும், உள்ளே நுழைந்தால் எனக்குப் பேச்சுக் குரல் தானாகத் தணிந்துவிடும்.

அளவு: 15 நிமிடம். முதல் மாதம் அதற்கு மேல் வேண்டாம். ஒரு மணி நேரம் என்று ஆரம்பிப்பவர்கள் பத்தாம் நாள் நின்றுவிடுகிறார்கள், நான் நின்றிருக்கிறேன். அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வாங்குங்கள். போனில் அலாரம் வைத்தால், அதை அணைக்கிற விரல் அப்படியே வாட்ஸ்அப்பைத் திறந்துவிடும். பிறகு குட் மார்னிங் படங்களுக்குப் பதில் போட்டே மணி ஆறாகிவிடும்.

வாசிப்பு: குறைவாக, மெதுவாக

ஆதியாகமத்தில் ஆரம்பிக்காதீர்கள். மாற்குவில் ஆரம்பியுங்கள். நான்கு சுவிசேஷங்களில் சின்னது அதுதான், 16 அதிகாரம். நாளுக்கு அரை அதிகாரம் என்றால் ஒரு மாதத்தில் இயேசுவின் கூடவே கலிலேயாவிலிருந்து எருசலேம் வரை நடந்துவிடலாம். அன்றைய பகுதி முழுவதையும் முதலில் ஓட்டமாக ஒருமுறை வாசித்து, பிறகு அதில் ஐந்தாறு வசனங்களில் மட்டும் தங்குங்கள்.

தங்குவது எப்படி என்பதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் கிகோ என்ற துறவி அதை நான்கு படியுள்ள ஏணியாக எழுதிவைத்தார்: வாசிப்பது, அசைபோடுவது, ஜெபிப்பது, சும்மா கடவுள் முன் இருப்பது. கத்தோலிக்கர் தியான வாசிப்பு என்று இன்றும் இதைச் சொல்லித் தருகிறார்கள். என் சபையில் யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை, மனைவியிடம்தான் கற்றேன்.

மாற்கு 10-ஆம் அதிகாரம், 46 முதல் 52 வரை எடுத்துக்கொள்வோம். எரிகோ சாலையோரம் பர்திமேயு என்ற பார்வையற்ற பிச்சைக்காரர். இயேசு போகிறார் என்று கேட்டதும் கத்துகிறார். கூட்டம் அதட்டுகிறது. இன்னும் அதிகமாகக் கத்துகிறார். இயேசு நின்று, கூப்பிடச் சொல்கிறார்.

முதல் தடவை கதையாக வாசியுங்கள். இரண்டாம் தடவை, எங்கே மனசு இடறுகிறது என்று பாருங்கள். எனக்கு ஒருமுறை இடறியது அந்த மேல்துணி. கூப்பிட்டதும் அதை எறிந்துவிட்டு எழுந்திருக்கிறார். சாலையோரம் உட்கார்கிறவருக்கு அது பகலில் காசு விழுகிற விரிப்பு, இரவில் போர்வை என்று நினைத்துப் பார்த்தேன். கண் தெரியாதவர் துணியை எறிந்துவிட்டால் திரும்பத் தேடி எடுப்பது எப்படி? பார்வை கிடைப்பதற்கு முன்பே எறிந்துவிட்டார். அன்றைக்கு அதற்கு மேல் நான் வாசிக்கவில்லை.

இன்னொரு மாதம் அதே பகுதிக்கு வந்தபோது அந்தத் துணி கண்ணில் படவே இல்லை. இயேசுவின் கேள்விதான் பிடித்துக்கொண்டது: நான் உனக்கு என்ன செய்ய வேண்டும்? பார்வையற்றவரிடம் கேட்கிற கேள்வியா இது? பார்த்தாலே தெரியாதா? தெரியும்தான். ஆனாலும் அவர் வாயால் சொல்லக் கேட்கிறார். அன்று எனக்கு என்ன வேண்டும் என்று சொல்லப் பார்த்தேன். பத்து நிமிடம் யோசித்தும் தெளிவாக ஒரு வாக்கியம் வரவில்லை. அதுவே அன்றைய ஜெபமாகிவிட்டது.

புரியாத வசனங்களை என்ன செய்வது? என் மாமியார் வாழ்நாளெல்லாம் காபித் தோட்டத்தில் பழம் பறித்தவர். ஒரு செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை அதே செடிக்கு மூன்று நான்கு சுற்றுப் போவார்கள். "செவந்ததை மட்டும் எடு கண்ணு, பச்சையை ஏன் புடுங்கறே, அடுத்த சுத்துல பார்த்துக்கலாம்" என்று பேரப்பிள்ளைகளை அதட்டுவார். லேவியராகமத்துக்கு நான் மறுபடி போனது நாலு வருஷம் கழித்து. அப்போது கொஞ்சம் சிவந்திருந்தது.

பேச்சு: வீட்டுத் தமிழில்

வாசித்ததும் பேசுங்கள். இங்கேதான் நமக்கொரு வியாதி இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் நன்றாகப் பேசிக்கொண்டிருப்போம்; கண்ணை மூடியதும் குரல் மாறிவிடும், தமிழும் மாறிவிடும். "சர்வ வல்லமையுள்ள எங்கள் பரம தகப்பனே, இந்த நல்ல நேரத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று தொடங்கினால் ரயில் போல அதுவாக ஓடும், நாம் உள்ளே இல்லாமலேயே. சபை நடுவில் அந்த நடை இருக்கட்டும். தனியாக இருக்கும்போது, "ஆண்டவரே, நேற்று ஆபீஸில் நடந்தது எனக்கு இன்னும் எரிகிறது" என்று ஆரம்பியுங்கள்.

பழைய சொற்கள் பொய் என்று சொல்லவில்லை. என் மாமியார் இன்றும் "சர்வேசுரா" என்றுதான் கூப்பிடுகிறார். தத்துவ போதகர் என்று பேர் வைத்துக்கொண்ட இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி 1623-இல் சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தார். அந்தக் காலத்துப் பாதிரியார்கள் எழுதிய சொல் அது. மாமியார் வாயில் அது வீட்டுச் சொல்தான். என் வாயில் வந்தால் நாடகம். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

கோபம் இருந்தால் கோபத்தையே சொல்லுங்கள். சங்கீதம் 13 "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் தொடங்குகிறது. சங்கீதம் 88 இருளிலேயே முடிந்துவிடுகிறது. கடைசியில் ஆறுதல் வசனம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அதை வேதத்திலிருந்து யாரும் எடுக்கவில்லை. வார்த்தையே வராத நாளில், இயேசு சொல்லித்தந்த பரமண்டல ஜெபத்தை ஒரு வரிக்கு ஒரு மூச்சு என்று சொல்லி, முடித்துவிட்டு எழுந்திருங்கள்.

ஒரு 40 பக்க நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, வசனம், இரண்டு வரி. யாருக்காக ஜெபிக்கிறோம் என்பதையும் எழுதுங்கள். என் நோட்டில் "அப்பாவின் சிறுநீரகம்" என்று பதினோரு மாதம் தொடர்ந்து இருக்கிறது. அப்புறம் "அப்பா" என்று மட்டும் இருக்கிறது. அதற்கப்புறம் "அம்மாவின் தூக்கம்" என்று தொடங்குகிறது. அந்தப் பக்கங்களுக்குப் பக்கத்தில் கிடைத்தது என்றோ கிடைக்கவில்லை என்றோ நான் குறிக்கவில்லை.

இரவில் ஐந்து நிமிடம்

இக்னேசியஸ் லொயோலா 16-ஆம் நூற்றாண்டில் சொல்லித்தந்த ஆன்ம சோதனையை வீட்டுக்கு ஏற்றபடி சுருக்கிக்கொண்டோம். படுக்கும் முன் மூன்று கேள்வி: இன்று எதற்கு நன்றி? எங்கே கடவுளை விட்டு நகர்ந்தேன்? நாளை எதற்கு உதவி வேண்டும்? முதல் கேள்விக்குப் பொதுவாக "எல்லாவற்றுக்கும்" என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. பெயரோடு, நேரத்தோடு சொல்ல வேண்டும்.

ஒருநாள் சூரமங்கலம் உழவர் சந்தையில் கீரை விற்கும் அம்மாவிடம் இரண்டு ரூபாய்க்குக் கத்திவிட்டேன். அப்போது நியாயமாகத்தான் பட்டது. இரவு இரண்டாம் கேள்விக்கு வந்தபோது அந்தக் கீரைக்கட்டும், ஈரக் கையால் அவர் எண்ணிக் கொடுத்த சில்லறையும் முன்னால் வந்து நின்றன. மறுநாள் போனேன், அவர் வரவில்லை. மூன்று நாள் கழித்துப் பார்த்து மன்னிப்புக் கேட்டால், "எனக்கு ஞாபகமே இல்லீங்க, தண்டங்கீரை வேணுமா?" என்றார். இரண்டு கட்டு வாங்கி வந்தேன்.

தொடர்ச்சி அறுந்தால்

அறுந்துவிடும். காய்ச்சல், கல்யாணம், பரீட்சை, சோம்பல், ஏதோ ஒன்று. எங்கள் தெருவில் முன்பு கைத்தறிகளும் இருந்தன. நீளவாட்டில் ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தால் தறிக்காரர் மிதிப்பதை நிறுத்தி, அந்த இரண்டு நுனியைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஓட்டுவார். நெய்த துணியைப் பிரித்து முதலிலிருந்து ஆரம்பித்தவரை நான் பார்த்ததில்லை. பத்து நாள் விட்டுப்போனால் பத்து நாள் பாக்கியைச் சேர்த்து வாசிக்க உட்காராதீர்கள். இன்றைய பகுதியை வாசியுங்கள், போதும்.

வறட்சி வேறு விஷயம். தினமும் உட்காருவோம், ஒன்றும் இருக்காது. வசனம் வெறும் அச்சாக இருக்கும். முதல் ஆறு மாதம் கழித்துப் பெரும்பாலும் வரும். அப்போது புதுக் கூட்டம், புதுப் பிரசங்கி என்று அலையத் தோன்றும். வேண்டாம். நேரத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். 1 இராஜாக்கள் 19-இல் எலியா "போதும் கர்த்தாவே" என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிடுகிறார். தேவதூதன் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான், மறுபடி தூங்க விடுகிறான், மறுபடி சாப்பிடச் சொல்கிறான். பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் போய் அமர்ந்த மெல்லிய சத்தம் வருவது அதற்கப்புறம்தான். ஆகவே முதலில் தூக்கம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் இல்லை, எதிலும் பிடிப்பும் இல்லை, சாக வேண்டும் போலிருக்கிறது என்றால் வீட்டாரிடம் அன்றைக்கே சொல்லி மருத்துவரிடம் போங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை.

உபவாசம் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரை மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருக்கக் கூடாது. மற்றவர்களுக்கும் முழுநாள்தான் என்றில்லை. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டை விட்டு, அந்தக் காசைத் தேவைப்பட்ட ஒருவர் கையில் கொடுப்பது ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் (தவக்காலத்தில்) எங்கள் வழக்கம். போனை மாலை ஆறு மணிக்கு அணைப்பது அதைவிடக் கடினம், பழகிப் பாருங்கள்.

மனுஷர் வழியாகவும் போக வேண்டும்

மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று வருகிறது. வீட்டுப் பாகப் பிரிவினையில் தம்பியோடு பேச்சில்லாமல் இரண்டு வருஷம் இருந்தேன். காலையில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாலே அவன் முகம் வரும். மாற்கு முழுவதும் ஓடியது, இது மட்டும் அசையவில்லை. கடைசியில் அவன் பெண்ணின் காதுகுத்துக்கு அழைப்பில்லாமலே போய் நின்றேன். அவன் "வாண்ணா, சாப்பிட்டியா" என்றான். பாகம் இன்னும் தீரவில்லை. பேச்சு இருக்கிறது.

ஞாயிறு ஆராதனையை, பூசையை விடாதீர்கள். பிரசங்கம் சுமாராக இருந்தாலும் போங்கள். அதோடு இரண்டு அல்லது மூன்று பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள். அன்பியம் (கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கத்து வீட்டார் கூடும் சிறு குழு), வீட்டுக் கூட்டம், டீக்கடை பெஞ்சு, எதுவாக இருந்தாலும் சரி. இந்த வாரம் எந்த வசனம் தங்கியது, எங்கே வழுக்கினேன், இரண்டே கேள்வி. அங்கே பேசியது அங்கேயே நிற்க வேண்டும்; ஜெபக் குறிப்பு என்ற பேரில் அடுத்தவர் குடும்ப விஷயத்தைப் பரப்புவது நம் சபைகளில் கொஞ்சம் அதிகம்.

வழிகாட்ட ஒருவர் வேண்டும்தான். ஆயர், பங்குத்தந்தை, கன்னியர், மூத்த விசுவாசி, யாராகவும் இருக்கலாம். ஆனால் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். மேடையில் இருந்தவர் எங்கள் வீட்டில் விசுவாசம் போதாது என்றார், ஒரு தொகையும் சொன்னார். அம்மா வளையலைக் கழற்றப் போனார். அன்று வெளியே வந்துவிட்டோம். பணம் கேட்டு ஜெபிக்கிறவர், மருந்தை நிறுத்தச் சொல்கிறவர், கடவுள் உன்னைப் பற்றி என்னிடம்தான் சொன்னார் என்கிறவர், இந்த மூன்று பேரிடமும் திரும்பப் போகாதீர்கள். நல்ல வழிகாட்டி பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்.

ஒரு முழு நாள் மலைக்கு

மூன்று மாதம் இப்படிப் போனபிறகு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். நமக்குப் பக்கத்திலேயே சேர்வராயன் மலை இருக்கிறது. சனி, ஞாயிறு வேண்டாம். ஏரிக்கரையில் படகுக்கு வரிசை நிற்கும். மே மாதக் கோடை விழா நேரமும் வேண்டாம். வாரநாளில் லீவு போட்டுக் காலை பஸ்ஸில் ஏறுங்கள். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் போனை அணைத்துவிடுங்கள்.

மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை இருக்கும். என் மனைவி ஒரு வளைவுக்கு ஒருவர் என்று 20 பேரைப் பெயர் சொல்லி ஜெபிப்பாள். ஒன்றாம் வளைவு அவள் அம்மா, ஏழாம் வளைவு என் தம்பி, பதினாலு கொஞ்ச நாளாக அந்தக் கீரைக்கார அம்மா. எனக்கு ஏழிலேயே வயிறு புரட்ட ஆரம்பித்துவிடும். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருந்தால் நல்லது.

மேலே துறவற சபைகளின் இல்லங்கள் பல உண்டு. தியானத்துக்கு இடம் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். இல்லையென்றால் ஒரு கோவில், அல்லது தோட்டத்துப் பாதையில் மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரத்தடி. தோட்டங்கள் தனியார் சொத்து, காவல்காரரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். பை நிறையப் புத்தகம் கட்டாதீர்கள்: வேதம், நோட்டு, தயிர்சாதம், தண்ணீர், ஸ்வெட்டர்.

முதல் ஒரு மணி நேரம் மனசு சேலம் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும். விடுங்கள், விரட்ட வேண்டாம். தூக்கம் வந்தால் தூங்குங்கள், எலியாவும் தூங்கினார். எழுந்து சங்கீதம் 139-ஐ மெதுவாக வாசித்து அதிலேயே நடங்கள். சாப்பிட்டபின் மூன்று மாத நோட்டைப் புரட்டி, அடிக்கடி வந்த சொல் எது என்று வட்டம் போடுங்கள். என் முதல் நோட்டில் "பயம்" பத்தொன்பது இடத்தில் வட்டமானது. நான் பயந்தவன் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அந்த மத்தியானம் முழுக்க அதைப் பற்றித்தான் பேசினேன்.

மார்ச், ஏப்ரலில் முதல் கோடை மழை பெய்து பத்து நாள் ஆனால் காபி பூக்கும். பெரும்பாலும் லெந்து நாட்களில். செடி முழுக்க வெள்ளையாக, மல்லிகை மாதிரி வாசனையோடு, இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். மாமியார் போன் பண்ணி, "பூத்துடுச்சு, வர்றதுன்னா இப்பவே வாங்க" என்பார். அப்படி ஒருமுறை போன அன்று நான் நோட்டையே திறக்கவில்லை.

சாயங்கால பஸ்ஸில் இறங்கும்போது போனை உடனே போட வேண்டாம். மனைவி அதே 20 பேரைக் கடைசியிலிருந்து திரும்ப எண்ணிக்கொண்டு வருவாள். ஒன்றாம் வளைவு முடிந்து அடிவாரம் வந்ததும் போனை எடுப்பாள். வீட்டுக்குப் பால் வாங்க வேண்டுமா என்று கேட்கத்தான்.